தூக்கம் இல்லாத உற்சாகமும் எழும்ப ஏலாத சோர்வும்
குடும்ப சுகநலப் பாடம்



பிரஷர், சீனி வருத்தம், இரத்தச் சோகை என்று உடம்புக்கு வரும் வருத்தங்களைப் பற்றி நாம் இப்போது வெட்கப்படாமல் பேசுகிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்திலே நின்றுகொண்டே "எனக்கு பிரஷர் கூடிப்போச்சு அக்கா" என்று சொல்கிறோம். மனதுக்கு வரும் வருத்தம் என்றால் மட்டும் காம்பிரா கதவைச் சாத்திக் கொள்கிறோம். சாத்திய கதவுக்கு உள்ளே கஷ்டப்படுவது பெரும்பாலும் இரண்டு பேர்: வருத்தம் வந்தவர் ஒருவர், அவரோடு குடும்பம் நடத்துகிறவர் இன்னொருவர். இந்தப் பாடத்தை அந்த இரண்டாவது ஆளுக்காக எழுதுகிறோம்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். பேர் ஊர் வேண்டாம். இப்படி ஒரு வீடு பல தோட்டங்களில் இருக்கும். கணவர் இஸ்டோரில் வேலை செய்கிறார், மனைவி மலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். கணவர் நல்ல மனுசன், பொறுப்பானவர். திடீரென்று ஒரு மாதம் அவருக்குத் தூக்கம் குறைகிறது. இராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு மரக்கறித் தோட்டத்தைக் கொத்துகிறார். காலையில் களைப்பே இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறார். ஒரு பேச்சு முடியும் முன் இன்னொரு பேச்சு. கோயில் திருவிழாவுக்குப் பெரிய தொகை தருவதாகக் கமிட்டியில் சொல்லிவிட்டு வருகிறார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து லீசிங்கில் ஆட்டோ எடுக்கப் போகிறேன் என்கிறார். "ஏங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னால் எரிந்து விழுகிறார். கணக்கப்பிள்ளையோடும் சண்டை.

சில கிழமைகள் கழித்து எல்லாம் மாறிவிடுகிறது. அதே மனுசன் படுக்கையை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறார். குளிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலும் முகம் கொடுக்கவில்லை. பேர் விழவில்லை, சம்பளம் குறைகிறது. அடகுக் கடை வட்டி மட்டும் ஏறுகிறது. பக்கத்துக் காம்பிராவில் "சோம்பேறி" என்கிறார்கள். மாமியார் "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்கிறார். பிறகு ஒருநாள் அவர் தானாகவே எழும்பி வேலைக்குப் போகிறார். மூன்று நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. வீட்டில் உள்ளவர்களும் அதை மறந்து விடுகிறார்கள், அடுத்த முறை தூக்கம் குறையும் வரைக்கும்.

இந்த மாதிரி ஏறுவதும் இறங்குவதுமாக வரும் ஒரு வருத்தம் உண்டு. வைத்தியர்கள் இதை இருமுனை மனநிலைக் கோளாறு என்றும் பைபோலார் என்றும் சொல்வார்கள். உலகம் முழுவதும் நூறு பேரில் ஒருவர் இரண்டு பேருக்கு இது வருகிறது. பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லை. பெரும்பாலும் பதினெட்டு இருபது வயதுக்கும் முப்பதுக்கும் இடையில்தான் முதன்முதலாகத் தலை காட்டும். அதாவது கல்யாணம் முடித்து, பிள்ளை குட்டி பெற்று, குடும்பம் காலூன்றும் அதே வயதில்.

ஏன் இவ்வளவு காலம் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த வருத்தம் உள்ள பலருக்குச் சரியான பேர் வைக்கப்படுவதற்குப் பல வருடங்கள் ஆகிவிடுகின்றன. வெளிநாடுகளிலும் இதே கதைதான்.

முதல் காரணம், உற்சாகமாக இருக்கும் காலத்தில் யாரும் வைத்தியரிடம் போவதில்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தான் இதுவரை இல்லாத சுகத்தோடு இருப்பதாகவே தோன்றும். வீட்டிலும் ஆரம்பத்தில் சந்தோஷப்படுவோம், "மனுசன் இப்பதான் சுறுசுறுப்பா இருக்காரு" என்று. சோர்ந்து விழுந்த பிறகுதான் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். அங்கேயும் மனதைப் பற்றிச் சொல்வதில்லை. தலையிடி, உடம்பு வலி, நெஞ்செரிவு, பசியில்லை என்று சொல்கிறோம். அதற்கு என்ன மருந்தோ அதைத் தருகிறார்கள். யாராவது ஒரு வைத்தியர் "இது மனச்சோர்வு" என்று கண்டுபிடித்தாலும், போன மாதம் நடந்ததை நாம் சொல்லாவிட்டால் அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இருமுனை வருத்தம் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால், சிலருக்கு அது மறுபடி உச்சத்துக்கு ஏற்றிவிடும். அதனால்தான் இரண்டு பக்கக் கதையையும் சொல்ல வேண்டும் என்று இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இரண்டாவது காரணம் குடி. தூக்கம் வருவதற்காகக் குடிக்கிறவர் உண்டு. உச்சத்தில் இருக்கும் போது கூட்டாளிகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துத் தானும் குடிக்கிறவர் உண்டு. ஊரார் கண்ணுக்குக் குடி மட்டும்தான் தெரியும். அதற்கு அடியில் வேறொரு வருத்தம் இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. குடியை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் குடிக்காத நாட்களிலும் தூக்கமும் மனநிலையும் எப்படி இருந்தன என்று மனைவியால் சொல்ல முடியும். அது வைத்தியருக்கு மிகப் பெரிய உதவி.

மூன்றாவது, பேய், செய்வினை, சாமி குற்றம் என்ற பேச்சு. பெண்களுக்கு வந்தால் இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. ஒரு பெண் நான்கு நாள் தூங்காமல், உரத்துப் பேசி, பாடி, "எனக்குள்ள அம்மன் வந்திருக்கா" என்று சொன்னால் ஆஸ்பத்திரியை யார் நினைக்கிறார்கள்? கோடாங்கியைத்தான் கூப்பிடுகிறோம். நாம் யாருடைய நம்பிக்கையையும் இழிவாகப் பேசவில்லை. கோயிலில் விளக்கு ஏற்றுங்கள், நேர்த்தி வையுங்கள். ஆனால் மிளகாய்ப் புகை போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது இவை எதுவும் மருந்தல்ல, கொடுமை. மூன்று கிழமை பூசை முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாள் கடத்தவும் கூடாது. பூசையும் ஆஸ்பத்திரியும் ஒரே கிழமையில் நடந்தால் சாமி கோபித்துக் கொள்ளாது.

பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்களுக்கு ஒரு முக்கியமான விசயம். பிரசவத்துக்குப் பிறகு வரும் முதல் சில கிழமைகள் இந்த வருத்தம் உள்ள பெண்களுக்கு மிகவும் ஆபத்தான காலம். பச்சை உடம்புக்காரி இரண்டு மூன்று இராத்திரி தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, பிள்ளையைப் பற்றிப் பயமான வார்த்தைகள் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தாயையும் பிள்ளையையும் தனியே விடவும் வேண்டாம்.

நாமே பேர் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. சந்தோஷமாக இருப்பவரெல்லாம், கோபப்படுபவரெல்லாம், கவலைப்படுபவரெல்லாம் நோயாளி அல்ல. உச்சம் என்று வைத்தியர்கள் சொல்வது, ஒரு கிழமையோ அதற்கு மேலோ நாள் முழுவதும் ஒருவர் தன் இயல்புக்கு மாறாக இருப்பதைத்தான். அதோடு தூக்கம் குறைந்தும் களைப்பு இருக்காது. கொஞ்சம் மிதமான உச்சம் நான்கு நாள் நீடித்தாலும் கவனிக்க வேண்டியதே. சோர்வு என்றால் இரண்டு கிழமைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும், சில மருந்துகளாலும், ஐஸ் போன்ற போதைப் பொருளாலும், தலையில் அடிபட்டாலும் இதே மாதிரிக் குணங்கள் வரலாம். இரத்தம் சோதித்து, கதை கேட்டு, வைத்தியர்தான் முடிவு செய்வார். நம்முடைய வேலை, பார்த்ததைச் சரியாகச் சொல்வது.

அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடுப்படியில் தொங்கும் கலண்டரை எடுங்கள். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் மூன்று சின்னக் குறிகள் போடுங்கள். இராத்திரி எத்தனை மணித்தியாலம் தூங்கினார் என்பதற்கு ஓர் இலக்கம். மனம் மேலே என்றால் மேல்நோக்கி ஒரு கோடு, கீழே என்றால் கீழ்நோக்கி ஒரு கோடு, சாதாரணமாக இருந்தால் ஒரு புள்ளி. வேலைக்குப் போகாத நாளுக்கு ஒரு வட்டம். பெரிய செலவு, சண்டை, குடி ஏதாவது நடந்தால் ஒரு வார்த்தை எழுதினால் போதும். எழுத்துத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். இரண்டு மூன்று மாதம் போனதும் கலண்டரே கதை சொல்லும்.

"பௌர்ணமி வந்தா கூடுது, அமாவாசை வந்தா கூடுது" என்று சொல்கிறவர்களுக்கும் இது பதில் சொல்லும். கலண்டரில்தான் போயா நாள் போட்டிருக்கிறதே, பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக் கொள்ளலாம். சம்பள நாளோடும், இஸ்டோரில் இராத்திரி வேலை விழுந்த கிழமையோடும், கோயிலில் விடிய விடிய விழித்திருந்த நாளோடும் பொருத்திப் பாருங்கள். தூக்கம் கெடுவது இந்த வருத்தத்தைத் தூண்டிவிடும் முக்கியமான காரணங்களில் ஒன்று. மாசியில் காமன் கூத்துக்கு ஒத்திகை நடக்கும் கிழமைகளை நாம் குறிப்பாகச் சொல்வோம். கூத்தில் ஆடுவது குற்றமில்லை. ஆனால் அடுத்தடுத்து பல இராத்திரி விழிப்பது இவருக்கு ஒத்துவராது.

ஒன்று மட்டும் கவனம். இந்தக் கலண்டர் அவரைக் குற்றம் சொல்வதற்கல்ல. சண்டையின் போது "பாருங்க, எல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்று காட்டினால் அன்றோடு அதன் பயன் போய்விடும். முடிந்தால் அவர் நன்றாக இருக்கும் நாளில் அவருக்கும் சொல்லி, அவரையே குறிக்கச் சொல்லுங்கள்.

எப்படிப் பேசுவது?

உச்சத்தில் இருப்பவரோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை. ஊரார் முன்னாலும், சம்பள நாள் இரவிலும், குடித்திருக்கும் போதும் பேச்சை எடுக்க வேண்டாம். "ஒங்களுக்குப் பைத்தியம், அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்ற பேச்சு வீட்டில் வரவே கூடாது. அங்கொடை என்ற ஊர்ப் பேரை நம் ஆட்கள் ஏச்சுப் பேச்சாகவே பாவித்துப் பழகிவிட்டார்கள். அங்கே இருப்பது இப்போது தேசிய மனநல நிறுவனம், மற்ற ஆஸ்பத்திரிகளைப் போல அதுவும் ஓர் ஆஸ்பத்திரி. அதோடு இன்று இந்த வருத்தத்துக்கு மருந்து எடுக்கக் கொழும்பு வரை போக வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

தூக்கத்தை வைத்துப் பேச்சைத் தொடங்குவது நல்லது. தூக்கம் யாருக்கும் வெட்கமில்லாத விசயம். "ஏங்க, ஒரு கிழமையா நீங்க ரெண்டு மணித்தியாலம்கூட சரியா தூங்கல. எனக்குப் பயமா இருக்கு. தூக்கத்துக்கு ஏதாவது மருந்து கேட்டுட்டு வருவோம், நானும் வாறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மனைவிக்கு வருத்தம் என்றால் கணவர், "நீ ரொம்ப களைச்சுப் போயிருக்க புள்ள, இன்னைக்கு மலைக்குப் போக வேணாம், டாக்டருகிட்ட போயிட்டு வருவோம்" என்று சொல்லலாம். அவர் மறுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். அவர் மதிக்கும் ஓர் ஆள் இருப்பார்: மாமாவோ, மச்சானோ, தோட்டத் தலைவரோ, கோயில் ஐயாவோ, பிள்ளைகளின் டீச்சரோ. அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லிப் பேச வையுங்கள். பத்துப் பேரிடம் சொன்னால் லயம் முழுக்கப் பரவிவிடும்.

கல்யாண வீட்டுக்குப் போவோம் என்று ஏமாற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். அன்றைக்கு வேலை முடிந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் கையில் தரும் மாத்திரையையும் அவர் நம்ப மாட்டார்.

எங்கே போவது?

தோட்ட டிஸ்பென்சரியில் உள்ள வைத்திய உதவியாளரிடம் முதலில் பேசலாம். அங்கே ஆட்கள் கூட்டமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்கு நேராகவும் போகலாம். அங்கிருந்து மனநல கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. சிறிய ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் மனநல வைத்திய அதிகாரி குறித்த நாட்களில் கிளினிக் நடத்துகிறார். எந்தக் கிழமை என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போனால் ஒருநாள் பேர் வீணாகாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியமும் அங்கே தரும் மருந்தும் இலவசம்.

பாசை ஒரு பிரச்சினைதான், அதை மறைக்கத் தேவையில்லை. காய்ச்சலைக் கையால் காட்டலாம், மனதைக் கையால் காட்ட ஏலாது. தமிழ் 1987ஆம் ஆண்டிலிருந்து அரசியலமைப்பில் அரச கரும மொழியாகவும் இருக்கிறது. ஆகவே தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். இல்லாவிட்டால் சிங்களம் நன்றாகத் தெரிந்த, வாயடக்கமுள்ள ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பா சாக வேண்டும் என்று சொன்னதைப் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

போகும் போது கலண்டரையும், பாவிக்கிற எல்லா மருந்தையும் கொண்டு போங்கள். கசாயம், நாட்டு மருந்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். குடும்பத்தில் முன்பு யாருக்காவது இப்படி இருந்ததா, யாராவது உயிரை மாய்த்துக் கொண்டார்களா என்று கேட்பார்கள். மறைக்க வேண்டாம். அவர் வரவே மாட்டேன் என்றாலும் நீங்கள் தனியே போய் ஆலோசனை கேட்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மருந்தைப் பற்றி

லித்தியம் என்ற மருந்து பழையது. ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் 1949ஆம் ஆண்டில் இது உச்ச நிலையைத் தணிக்கிறது என்று எழுதினார். இன்றும் இந்த வருத்தத்துக்கு மிக நல்ல மருந்துகளில் ஒன்று, தற்கொலை ஆபத்தையும் குறைக்கிறது. ஆனால் அளவோடு இருக்க வேண்டிய மருந்து. அதனால்தான் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும், தைரொயிட்டையும் இடைக்கிடை சோதிக்கிறார்கள். "சும்மா சும்மா இரத்தம் எடுக்கிறாங்க" என்று கிளினிக்கைத் தவிர்க்க வேண்டாம்.

லித்தியம் பாவிப்பவருக்கு வயிற்றோட்டம், வாந்தி, கடுமையான வியர்வை ஏற்பட்டால் உடம்பில் நீர் குறைந்து மருந்து கூடிப்போகும். மலையில் வெயிலில் நிற்கிறவர் தண்ணீர்ப் போத்தலை விடக் கூடாது. உப்பைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் புரூபன், டைக்குளோபெனாக் போன்ற மாத்திரைகள் லித்தியத்தோடு சேர்ந்தால் ஆபத்து. பரசிட்டமோல் பாவிக்கலாம். கை பலமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், வாந்தி நிற்காவிட்டால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வல்புரோவேட் என்ற இன்னொரு மருந்து உண்டு. கர்ப்பத்தில் உள்ள பிள்ளைக்கு அது பெரிய கெடுதல் செய்யக் கூடியது. ஆகவே பிள்ளை பெறும் வயதுள்ள சகோதரிகள் மருந்தின் பேரைக் கேட்டு, கர்ப்பத்தைப் பற்றி வைத்தியரிடம் முதலிலேயே பேச வேண்டும். கர்ப்பம் தரித்துவிட்டால் தானாக மருந்தை நிறுத்தாமல் அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் போங்கள். மருத்துவிச்சிக்கும் சொல்லுங்கள்.

எந்த மருந்தும் சரியாக வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கலாம். நன்றாகிவிட்டது என்று நிறுத்துவதுதான் மறுபடி விழுவதற்குப் பெரிய காரணம். சுகம் தெரிவதே மருந்து வேலை செய்வதால்தான். உடம்பு பருக்கிறது, தூக்கமாக வருகிறது என்றால் அதைக் கிளினிக்கில் சொல்லி மாற்றிக் கேட்கலாம். இஸ்டோரில் இராத்திரி வேலை செய்பவர், பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி வைத்தியரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கித் தோட்டக் காரியாலயத்தில் கொடுக்கலாம். என்ன வருத்தம் என்று அந்தக் கடிதத்தில் விலாவாரியாக எழுதத் தேவையில்லை.

காசும் நகையும்

உச்சக் காலத்தில் வாங்கிய கடனை, சோர்வுக் காலத்தில் குடும்பம் கட்டுகிறது. நன்றாக இருக்கும் மாதத்தில் இருவரும் உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். நகை, அடகு ரசீது, வங்கிப் புத்தகம் இவை அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். இரண்டு இராத்திரி முழுத் தூக்கம் தூங்காமல் எந்தக் கடன் தாளிலும், லீசிங் தாளிலும், பிணைக் கையெழுத்தும் போடுவதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழுக் கடன் எடுக்கும் சகோதரிகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும், வாங்குவது ஒருவர், கட்டுவது ஐந்து பேர். உடன்பாட்டில் அவர் தன் வாயால் சொன்னதை எழுதி வைத்தால், பிறகு "நீங்க சொன்னதுதான்" என்று நினைவுபடுத்தலாம்.

உயிருக்கு ஆபத்து

சோர்விலும் சரி, உச்சமும் சோர்வும் கலந்த நேரத்திலும் சரி, சாக வேண்டும் என்ற எண்ணம் வரலாம். "நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்க" என்பது சும்மா பேச்சல்ல. நேராகக் கேளுங்கள்: "ஏங்க, செத்துப் போகணும்னு நெனைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்ட பிறகுதான் பலர் மனம் திறக்கிறார்கள்.

1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சி நாசினிகளும் களை நாசினிகளும் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்ட பின் சாவுகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. கைக்கு எட்டாவிட்டால் அந்தக் கெட்ட நேரம் கடந்து போய்விடுகிறது என்பதே இதன் அர்த்தம். ஆகவே மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிய மருந்துப் போத்தல் காம்பிராவுக்குள் இருக்கக் கூடாது. மாத்திரையையும் நீங்களே வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுங்கள், லித்தியம் மொத்தமாக விழுங்கினால் உயிராபத்து. ஏதாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், 1990 சுவசெரிய இலவச அம்பியுலன்ஸை அழையுங்கள். போத்தலையும் கொண்டு போங்கள். பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998ஆம் ஆண்டிலிருந்து குற்றமில்லை.

இந்த வருத்தம் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பவர்கள் அல்ல. ஆனால் அடி விழுகிறது என்றால், "வருத்தக்காரர்தானே" என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். எந்த வீட்டுக்குப் போவது என்று முன்பே பேசி வையுங்கள். 1938 பெண்கள் உதவி இலக்கம், 119 பொலிஸ். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வருத்தம் உள்ள வீட்டுக்கும் பொருந்தும். அவருக்கு வைத்தியம் தேடுவதும் நீங்கள் தள்ளி நிற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

பிள்ளைகளும் நீங்களும்

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நாம்தான் தெரியாது என்று நினைக்கிறோம். "அப்பாவுக்குச் சுகமில்ல. ஒன்னால வந்ததில்ல. மருந்து எடுக்கிறாரு" என்று மூன்று வசனம் சொன்னால் போதும். இந்த வருத்தம் சில குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்மை. ஆனால் தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்றில்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. "பொண்ணு கேட்டு யாரும் வர மாட்டாங்க" என்று பயந்து வைத்தியத்தை மறைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து எடுத்து ஒழுங்காக வேலைக்குப் போகிற அப்பாவைவிட, மருந்தில்லாமல் ஊர் முன்னால் விழுகிற அப்பாவைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசும்.

கவனிக்கிறவருக்கும் தூக்கம் வேண்டும். காலையில் பெரட்டு, பகலில் மலை, மாலையில் அடுப்பு, இராத்திரியில் இவரைக் காவல் என்று ஒரு பெண் எத்தனை நாள் தாங்குவாள்? ஏறும் கிழமைகளில் இராத்திரிக் காவலை மச்சினனோ மாமாவோ மாறி மாறி எடுக்க வேண்டும். கிளினிக் நாளில் சின்னப் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடம் போக விடுங்கள். உங்களுக்கே அழுகை நிற்காமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு கிழமை போனால், அதே கிளினிக்கில் உங்களுக்கும் ஒரு துண்டு எடுங்கள்.

மேலே சொன்ன 1926, 1990, 1938, 119 ஆகிய நான்கு இலக்கங்களையும் கலண்டரின் மேல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். போனில் மட்டும் பதிந்து வைத்தால், சார்ஜ் இல்லாத இராத்திரியில் உதவாது. அடுத்த கிளினிக் திகதியையும் அதிலேயே வட்டம் போட்டு, அந்த நாளுக்கு முன்தினம் கணக்கப்பிள்ளையிடம் லீவு சொல்லி வையுங்கள்.